ஆசாரி வருவதற்கு முன்னால்

சென்னை, திருச்சி, மதுரை, கோவை போன்ற நகரங்களில் 1970-களிலும் 1980-களிலும் சொந்த வீடு கட்டிக்கொண்ட நடுத்தரக் குடும்பத்தாரில் பலர், படுக்கையறைச் சுவரொன்றில் கடப்பாக் கல் பலகைகளை வரிசையாகப் பதித்து, முன்புறம் மரச்சட்டமும் இரட்டைக் கதவும் பொருத்தி, அதற்கு மேலே கான்கிரீட்டில் ஒரு பரணையும் வார்த்துவிட்டு, துணிமணிகளை வைப்பதற்கு வேண்டிய ஏற்பாடு அத்துடன் பூர்த்தியாயிற்று என்று திருப்தி கொண்டார்கள். அந்தத் திருப்திக்கு அன்று நியாயம் இருந்தது. அன்றாடம் உடுத்துகிற வேட்டியும் புடவையும் மடித்து அடுக்கப்பட்டன. விசேஷ காலங்களுக்குரிய பட்டு பீரோவில் பூட்டி வைக்கப்பட்டது. மற்றவை டிரங்குப் பெட்டிக்குள் போயின. ஆணியில் மாட்டும் ஒன்றிரண்டு சட்டைகளைத் தவிர, தொங்கவிட்டே வைக்கவேண்டிய உடை என்று அநேகமாக ஒன்றும் இல்லை.

இன்று அதே அறையில் சட்டைகளும் சுடிதார்களும் கோட்டுகளும் பள்ளிச் சீருடைகளும், வருஷத்துக்கு ஒருமுறை மட்டுமே வெளியே வரும் கல்யாண உடைகளும் சேர்ந்து, ஒன்றரை அடி ஆழமே உள்ள கல் தட்டுகளில் முன்வரிசை பின்வரிசையாகத் திணிக்கப்பட்டு, பின்வரிசையில் என்ன இருக்கிறது என்பதே வீட்டாருக்கு மறந்துபோகும் நிலைமை உண்டாகும்போது, அலமாரியை மாற்றிக் கட்டலாம் என்ற யோசனை எழுகிறது. யோசனை எழுந்தவுடன் ஆசாரியைக் கூப்பிட்டு அனுப்புவது ஒரு வழக்கம்; கடைக்குப் போய் மைக்கா மாதிரிகளைப் புரட்டுவது மற்றொரு வழக்கம். இரண்டுமே பிற்பாடு செய்யவேண்டிய காரியங்கள். இந்த வேலையில் மரத்துக்கும் கூலிக்கும் செலவாகும் பணத்தைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம். ஆனால் எதை எங்கே வைக்கப்போகிறோம் என்று நிர்ணயம் செய்யாமலே ரம்பத்தை எடுக்கச் சொல்லிவிட்டு, பாதி வேலையில் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போவதால் விரயமாகும் பணமே மிகுதி என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஆகையால் முதற்காரியம், ஒரு விடுமுறை நாளில் சாவகாசமாக அலமாரி, பீரோ, பெட்டி ஆகிய அனைத்தையும் காலி செய்து, உள்ளதையெல்லாம் கட்டிலின்மேல் பரப்பிப் பார்ப்பது. இனி உடுத்தப்போவதில்லை என்று தெரிந்தவற்றைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சியவற்றை மடித்து வைப்பவை, தொங்கவிடுபவை, நீளமாகத் தொங்கவிடுபவை, அபூர்வமாக எடுப்பவை என்று பிரித்துவிட்டால், அலமாரியின் வரைபடம் பாதி தயாராகிவிடும். சட்டை தொங்குவதற்கு ஏறக்குறைய மூன்றரை அடி உயரம் போதும்; ஏழடி உயரமுள்ள பெட்டியில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு ராடுகள் போடலாம். கவுன், நீண்ட அங்கி முதலியவற்றுக்கு ஐந்தடி வேண்டும்; ஆனால் அத்தகைய உடை வீட்டில் நான்கைந்துதான் உண்டு என்றால் அதற்கென்று முழு அறை ஒன்றை ஒதுக்குவது இடத்தைப் பாழாக்குவதாகும். ஹேங்கர் ஒன்றரை அடி அகலம் உள்ளது. சட்டையின் தோள்கள் கதவில் உராயாமல் இருக்க வேண்டுமானால் உள்ளாழம் 22 அங்குலம், வெளியளவு இரண்டடி என்பது குறைக்கக் கூடாத கணக்கு. நகரும் கதவு போடுவதாயின் அதன் தண்டவாளத்துக்காக இன்னும் இரண்டு மூன்று அங்குலம் கூட்டிக்கொள்ளவேண்டும்.

பட்டுப் புடவைகளைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் புடவைகளை வரிசையாகத் தொங்கவிட்டுக் காட்டும் படங்களைப் பார்த்து மயங்கி, கனத்த ஜரிகைப் பட்டுகளையும் அவ்வாறே தொங்கவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கனமான ஜரிகை, தன் எடையினாலேயே நாளடைவில் நெய்த இழையை இழுத்து நலியச் செய்யும். நூலும் மெல்லிய பட்டும் தொங்கலாம், முகூர்த்தப் பட்டு மடிந்தே இருக்கவேண்டும். அதைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தாறுக்கு மேல் அடுக்காமல், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து நிழலில் காற்றாடவிட்டு, மடிப்பை மாற்றி மடித்து வைத்தால், மடித்த இடத்தில் பட்டு விட்டுப்போகாது. பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் தங்கும். அந்துருண்டை ஜரிகையின்மேல் படும்படி இருந்தால் ஜரிகை கறுக்கும். வசம்பையோ உலர்ந்த வேப்பிலையையோ துணியில் முடிந்து மூலையில் வைப்பது நம் பாட்டிமார் காலத்திலிருந்து வருகிற நல்ல பழக்கம். இவற்றையெல்லாம் கருதினால், பட்டுக்கு வேண்டியது பத்துப் பன்னிரண்டு அங்குல இடைவெளியுள்ள குறுகிய தட்டுகளும், அவற்றைக் கையெட்டும் உயரத்தில் வைப்பதுமே தவிர, கண்ணாடியும் விளக்கும் அல்ல.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்கள் அன்றாடம் எடுக்கும் பொருள்கள் யாவும் முழங்காலுக்கு மேலும் தோளுக்குக் கீழும் அமைய வேண்டும். முட்டிவலிக்காரருக்குத் தரையோடு ஒட்டிய டிராயர் ஒரு தண்டனை. கொலு பொம்மைகளும் பித்தளைப் பாத்திரங்களும் பயணப் பெட்டிகளும் பரணுக்கே உரியவை. அவற்றை இறக்குவதற்கு ஏணி எங்கே நிற்கும் என்பதையும் இப்போதே யோசித்துவிடுவது நல்லது.

சுவரை யார் பார்ப்பது?

பலரும் கவனியாமல் விடுவது அலமாரிக்குப் பின்னால் இருக்கும் சுவரை. கல் தட்டு பதித்த மாடத்தின் பின்சுவர் பல வீடுகளில் நாலரை அங்குலச் செங்கல்தான். அது வெளிச்சுவராகவும் இருந்துவிட்டால், ஐப்பசி கார்த்திகை மழையில் அதன்வழியே ஈரம் கசிவது இயல்பு. கடப்பாக் கல் அந்த ஈரத்தைப் பொறுத்துக்கொண்டது, பிளைவுட் பொறுக்காது. ஆகவே வடகிழக்குப் பருவமழை ஓயும் தறுவாயில், அதாவது டிசம்பர் மாதத்தில், சுவரைத் தொட்டுப் பார்த்து, பூச்சு உப்பியிருக்கிறதா, உப்புப் பூத்திருக்கிறதா என்று சோதித்து, வெளிப்புறத்து விரிசலை அடைத்து, தை மாசி பங்குனியில் சுவர் உலர்ந்த பிறகு மரவேலையைத் தொடங்குவதே உத்தமமான காலக்கிரமம். குளியலறையை ஒட்டிய சுவரென்றால் குழாய்க் கசிவையும் பிளம்பரைக் கொண்டு பரிசோதித்துத் தீர்த்துக்கொள்ளவேண்டும். ஈரச் சுவரின்மேல் நல்ல மரத்தை வைத்து மறைப்பவர், தம் பணத்தைத் தாமே அழுகவிடுகிறார்.

கரையான் மண்ணிலிருந்து வருவது. சுவரிலும் தரையோரத்திலும் மண்கூடு கட்டிக்கொண்டு மரத்தைத் தேடி ஏறுவது. தரைத்தள வீட்டில் அத்தகைய மண் கோடு ஒன்றேனும் தென்பட்டால், அலமாரி வேலைக்கு முன்பே கரையான் மருந்து அடிப்பவர்களை அழைக்கவேண்டும். குடியிருக்கும் வீடுகளில் இதைச் செய்யும் முறைக்கென்றே ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின் மூன்றாம் பாகம் இருக்கிறது. தரையில் துளையிட்டு மருந்து செலுத்துகிறார்களா, மேலோடு தெளித்துவிட்டுப் போகிறார்களா என்று உடனிருந்து பார்க்கவேண்டும்.

கல் தட்டுகளை எடுத்துவிடுவதா, வைத்துக்கொள்வதா என்பது அடுத்த கேள்வி. எடுப்பதானால் சுத்தியலால் அடித்து உடைக்காமல், சுவரோரத்தில் மெஷினால் அறுத்து எடுப்பதே சுவருக்குச் சேதமில்லாத வழி. மேலேயுள்ள பரண் அப்படிப்பட்டதன்று. அது பெரும்பாலும் லிண்டலோடு சேர்த்து வார்க்கப்பட்டிருக்கும் ஆதலால், கட்டிட எஞ்சினியர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லாமல் அதில் கைவைக்கலாகாது. எடுக்க மனமில்லாதவர்கள் கல் தட்டுகளை மடித்த துணிகளுக்கு என்று அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் தொங்கும் உடைகளுக்கு மட்டும் இரண்டடி ஆழத்தில் புதுப்பெட்டி செய்துகொள்ளலாம். அறை சிறியதாயிருப்பின் இதுவே விவேகமான ஏற்பாடு. இன்னொன்றும் சொல்ல ஆசைப்படுகிறேன். அந்தப் பழைய அலமாரிக் கதவுகள் சில வீடுகளில் தேக்கு மரத்தால் ஆனவை; நாற்பது ஐம்பது வருஷம் உலர்ந்து ஸ்திரப்பட்ட மரம் அது. பெயிண்டின்மேல் பெயிண்டாக அடித்து அதன் முகம் தெரியாமல் போயிருக்கலாம். பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஓரிடத்தில் இழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தேக்கு என்று தெரிந்தால், அதை இழைத்துப் பாலிஷ் செய்து புதிய பெட்டிக்குக் கதவாகவோ டிராயர் முகப்பாகவோ திரும்பப் பொருத்திக்கொள்ளலாம்.

பலகைக் கணக்கு

இதற்குப் பிறகு ஒரு வரைபடம். கம்ப்யூட்டரில் வரைந்த வர்ணப்படம் அவசியமில்லை. கட்டக் காகிதத்தில் அளவுகளோடு வரைந்த முகப்புத் தோற்றமும் உள்தோற்றமும் போதும். ஜன்னல், ஸ்விட்ச் போர்டு, ஏ.சி. குழாய், அறைக்கதவு திறக்கும் திசை, கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் குறைந்தது மூன்றடி நடைபாதை ஆகிய யாவும் அதில் இருக்கவேண்டும். பழைய வீட்டுச் சுவர் தூக்குக்குண்டு பார்த்தால் நேராக இருப்பது அபூர்வம். ஆகையால் அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்றிடத்தில் அளந்து, மிகக் குறைந்த அளவையே கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும். வீட்டைக் கழுவிவிடும் பழக்கம் உள்ளவர்கள், பெட்டியின் அடிப்பலகையைத் தரையிலிருந்து மூன்று நான்கு அங்குலம் உயர்த்தி, அந்த அடிப்பீடத்தை ஈரம் தாங்கும் பொருளில் அமைக்கச் சொல்லவேண்டும்.

வரைபடம் கையில் இருந்தால் மரக்கணக்கை வீட்டாரே போட்டுவிடலாம். உதாரணமாக ஏழடி அகலம், ஏழடி உயரம், இரண்டடி ஆழத்தில் மூன்று அறைகளுள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். நிற்கும் பலகைகள் நான்கு, 56 சதுர அடி; மேலும் கீழும் இரண்டு, 28; உள்தட்டுகள் எட்டு, சுமார் 34; கதவுகள் 49; ஆக 167 சதுர அடி. பிளைவுட் ஷீட் எட்டடிக்கு நாலடி, அதாவது 32 சதுர அடி. ஐந்து ஷீட்டுக்குச் சற்று மேலாகிறது. வெட்டில் வீணாவதையும் டிராயர்களையும் சேர்த்து ஆறு அல்லது ஏழு ஷீட் என்று வைக்கலாம். பின்பலகைக்கு ஆறு எம்.எம்.மில் இரண்டு ஷீட். பத்துப் பன்னிரண்டு ஷீட் வேண்டும் என்று யாரேனும் சொன்னால், எங்கே என்று வரைபடத்தைக் காட்டி மரியாதையாகக் கேட்கலாம். ஐந்து போதும் என்று சொன்னால் அப்போதும் கேட்கவேண்டும்.

பெட்டிக்கு 18 எம்.எம். பிளைவுட் வழக்கமானது, மெல்லிய மரத்தோல்களை, ஒன்றின் நார் மற்றொன்றின் நாருக்குக் குறுக்காக வரும்படி பசையிட்டு அழுத்திச் செய்வதால் அது எளிதில் கோணுவதில்லை. இரண்டரை அடிக்கு மேல் நீளமுள்ள தட்டு, துணியின் பாரத்தில் நாளடைவில் நடுவே தொய்யும். ஆதலின் அகலத்தைப் பிரித்துக்கொள்ளவேண்டும். உலர்ந்த அறைக்கு ஐ.எஸ். 303 தரத்துப் பிளைவுட் போதுமானது. குளியலறைச் சுவரை ஒட்டிய பெட்டிக்கும் அடிப்பீடத்துக்கும் ஐ.எஸ். 710 எனப்படும் மரைன் தரம் தேவை. அதன் பசை 72 மணிநேரம் கொதிநீரில் சோதிக்கப்படுவது. ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று கடைக்காரர் வாயால் சொல்வது பிரமாணம் ஆகாது, ஷீட்டின்மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் அச்சாகியிருக்கும்; அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம். பார்ட்டிக்கிள் போர்டு விலை மலிவு. ஆனால் ஒருமுறை தண்ணீர் குடித்து உப்பினால் மறுபடி இறங்காது, கழன்ற ஸ்க்ரூ அதே துளையில் மறுபடி பிடிக்காது. கடலோர ஊர்களில் அதைக் கீழ்ப்பெட்டிக்கு உபயோகிப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கீல்களிலும் சேனல்களிலும் மிச்சம் பிடிக்கவேண்டாம். ஏழடிக் கதவுக்கு நான்கைந்து கீல்கள் வேண்டும். கதவின் அகலம் இருபது அங்குலத்துக்குள் இருந்தால் அது தொங்காது. உப்புக்காற்று வீசும் இடங்களில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீல்களே நிலைக்கும். நிறம், பளபளப்பு முதலியவை அவரவர் ருசி.

யாரை அமர்த்துவது?

இனிமேல்தான் ஆள் தேடும் விஷயம். நம் ஊர்களில் மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. சாமான்களை நாமே வாங்கிக் கொடுத்து ஆசாரிக்குத் தினக்கூலியோ சதுர அடிக் கூலியோ தருவது முதலாவது. சாமான் உள்படக் காண்டிராக்டரிடம் ஒப்படைப்பது இரண்டாவது. தொழிற்சாலையில் அறுத்து, ஓரப்பட்டை ஒட்டிக் கொண்டுவந்து வீட்டில் பூட்டித்தரும் மாடுலர் கம்பெனியை நாடுவது மூன்றாவது. கம்பெனி வேலையில் வெட்டும் ஓரமும் துல்லியமாக இருக்கும், வீட்டில் தூசி குறையும். ஆனால் கோணிய பழஞ்சுவருக்கும் குறுக்கே ஓடும் உத்திரத்துக்கும் ஏற்ப உடனுக்குடன் இழைத்துப் பொருத்தும் சாமர்த்தியம் வீட்டில் வந்து வேலை செய்யும் தச்சரிடமே உண்டு. கடப்பாக் கல் மாடம் உள்ள பழைய வீட்டுக்கு நான் தச்சரையே தேர்ந்தெடுப்பேன். புது அடுக்குமாடி வீட்டில், சுவர்கள் நேராக இருக்குமிடத்தில், மூன்றாவது வழிக்கு ஆட்சேபம் இல்லை.

தச்சரைத் தெரிந்துகொள்வதற்கு அவர் காட்டும் போட்டோக்களைவிட, அவர் செய்து இரண்டு மழைக்காலம் கண்ட ஓர் அலமாரியைப் பார்ப்பதே சிறந்த உபாயம். அந்த வீட்டார் அனுமதித்தால் டிராயரை முழுக்க இழுத்துப் பாருங்கள். இரு கதவுகளுக்கிடையே உள்ள சந்து மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா, கண்ணுக்குப் படாத உள்விளிம்புகளிலும் ஓரப்பட்டை ஒட்டியிருக்கிறதா, கீழ்மூலையில் மைக்கா எழும்பியிருக்கிறதா என்று கவனியுங்கள். யாரும் பார்க்காத இடத்தில் சிரத்தையோடு வேலை செய்தவர், உங்கள் வீட்டிலும் அவ்வாறே செய்வார். இப்போது ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், பீகார் முதலிய பிரதேசங்களிலிருந்து வந்த திறமைசாலிகள் பலர் இத்தொழிலில் இருக்கிறார்கள். பாஷை தெரியாத காரணத்தால் அவர்களைத் தவிர்க்கவேண்டியதில்லை. அளவிட்ட வரைபடம் எந்தப் பாஷைக்காரருக்கும் புரியும்.

இரண்டு மூன்று பேரிடம் மதிப்பீடு கேட்கும்போது, ஒரே வரைபடத்தையும் ஒரே சாமான் பட்டியலையும் எல்லோரிடமும் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் சொல்லும் தொகையை மற்றொருவருடையதோடு ஒப்பிடவே முடியாது. சதுர அடி விலை என்றால் எந்தச் சதுர அடி? முகப்பை மட்டும் அளப்பதா, உள்ளே செலவாகும் பலகை முழுவதையும் அளப்பதா? மேற்சொன்ன பெட்டி முதல் கணக்கில் 49. இரண்டாம் கணக்கில் 167. பரண் கதவு தனியா, பழையதை உடைத்துக் குப்பை அள்ளுவது யார் பொறுப்பு, ஜி.எஸ்.டி. உள்படவா, கீலும் பூட்டும் கைப்பிடியும் யார் வாங்குவது என்பனவற்றையும் கேட்டு, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, இரு தரத்தாரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது அவநம்பிக்கை ஆகாது. அது இருவருக்கும் பாதுகாப்பு. வேலையின் நடுவில் வீட்டார் கேட்கும் மாறுதலுக்குத் தனிக்கூலி உண்டு என்பதையும் அதே தாளில் எழுதுவதுதான் தச்சருக்குச் செய்யும் நியாயம். வாய்வார்த்தையில் நடந்த காண்டிராக்டுகளில், வீட்டாரின் மனமாற்றத்தால் இரட்டிப்பு வேலை செய்துவிட்டுக் கூலி கிடைக்காமல் போகிறவர்கள் உழைப்பாளிகளே.

பணத்தை மொத்தமாக முன்னால் கொடுக்கவும் வேண்டாம், கடைசிவரை பிடித்துவைக்கவும் வேண்டாம். சாமான் வந்து இறங்கியபோது ஒரு பங்கு, பெட்டி நின்றபோது ஒரு பங்கு, கதவு பூட்டியபோது ஒரு பங்கு என்று பிரித்து, பத்தில் ஒரு பங்கை மட்டும் வேலை முடிந்து இரண்டு வாரம் கழித்துக் கொடுப்பதாகப் பேசிக்கொள்ளலாம். தினக்கூலிக்காரரின் சனிக்கிழமைக் கூலியை மட்டும் எக்காரணத்தாலும் தாமதிக்கலாகாது. பில் வாங்கத் தவறவேண்டாம். சேவையில் குறை நேர்ந்து பேச்சினால் தீராவிட்டால், 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரையில் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற உதவி எண்ணில் முதலில் ஆலோசனையும் கேட்கலாம். ஆணையத்தில் பேசுவது அந்த ஒப்பந்தத் தாளும் பில்லும்தான்.

வேலை நடக்கும் நாட்களில் அறையைக் காலி செய்து கொடுப்பதும், அடுக்குமாடிக் குடியிருப்பானால் சங்கத்தார் அனுமதிக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரிப்பதும், மரத்தூள் பறக்குமிடத்தில் ஆசாரிக்கு முகமூடி கிடைக்கச் செய்வதும் வீட்டாரின் கடமை. மைக்கா ஒட்டும் ரப்பர்ப் பசையின் ஆவி தீப்பற்றக்கூடியது. அது பூசப்படும் வேளையில் ஜன்னல்கள் திறந்திருக்கவேண்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

முடிந்த அலமாரியை அன்றே நிரப்பிவிட அவசரம் வேண்டாம். பலகையின் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு நெடி கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். பட்டுத் துணியிலும் படியும். இரண்டு வாரம் கதவுகளையும் டிராயர்களையும் திறந்து போட்டு, மின்விசிறியை ஓடவிட்டு, நெடி தணிந்த பிறகே துணிகளை அடுக்கவேண்டும். அந்த இரண்டு வாரத்திலேயே கதவுகளின் கோணல், டிராயரின் இழுவை ஆகியவற்றில் உள்ள குறைகள் தெரிந்துவிடும். ஆசாரியை அழைத்துச் சரிசெய்துகொண்டு, மிச்சப் பங்கைக் கொடுத்துவிடலாம். மைக்காவின் கம்பெனிப் பெயர், நிற எண், பிளைவுட்டின் உரிம எண், கீலின் வகை ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிப் பரண் கதவின் உட்புறம் ஒட்டி, மிஞ்சிய மைக்காத் துண்டுகளையும் அங்கேயே வைத்துவிடுங்கள்; நாலைந்து வருஷம் கழித்து ஒரு கதவில் கீறல் விழும்போது அதே நிறம் கடையில் கிடைப்பது அரிது.